நகைச்சுவைத் திரையில் பருமனான பெண்கள்: சிரிப்பின் பின்னால் மறையும் பாகுபாடு

அமெரிக்க நடிகை கேர்ஸ்டி அலி 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆம் திகதி தமது 71 ஆவது வயதில் புற்றுநோயினால் காலமானார். நகைச்சுவைத் தொடரொன்றிலும் தொலைக்காட்சித் திரைப்படமொன்றிலும் நடித்தமைக்காக இருமுறை எம்மி விருது பெற்ற கலைஞர் அவர். எனினும் அவரது மறைவையொட்டி வெளியான செய்திகள் பலவற்றில் அவரது நடிப்புத்திறனுடன் அவரது உடல் எடையின் ஏற்ற இறக்கங்களும் தவறாது இடம்பெற்றிருந்தன. ஓர் ஆண் நடிகர் மறைந்தால் அவர் எத்தனை கிலோ கூடினார், எத்தனை கிலோ குறைந்தார் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. பெண் கலைஞர் ஒருவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மரணத்தின் பின்னரும் தொடர்கின்றது. இதற்கான காரணத்தைத் தேட முற்படுவோர் தொலைக்காட்சி நகைச்சுவை கடந்த பல தசாப்தங்களாகப் பருமனான பெண்களை எவ்வாறு சித்திரித்து வந்துள்ளது என்பதை நோக்க வேண்டியவர்களாக உள்ளனர்.

கேர்ஸ்டி அலியின் கலைவாழ்வே இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1987 இல் 'சியர்ஸ்' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரில் இணைந்துகொண்ட அவர், 1993 இல் அத்தொடர் நிறைவுறும் வரை அதன் பிரதான பெண் பாத்திரத்தை ஏற்றிருந்தார். 1991 இல் சிறந்த நகைச்சுவை நடிகைக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது. 1997 முதல் 2000 வரை 'வெரோனிக்காஸ் குளோசெட்' என்ற தொடரிலும் அவரே நாயகி. அதன் பின்னர் அவரது உடல் பருத்தது. பரபரப்புச் சஞ்சிகைகள் அவரது புகைப்படங்களை அட்டையில் அச்சிட்டுப் பரிகசித்தன.

இந்நிலையில் 2005 மார்ச் மாதத்தில் 'ஷோடைம்' அலைவரிசையில் 'ஃபெட் அக்ட்ரஸ்', அதாவது 'பருத்த நடிகை' என்ற பெயரில் தொடரொன்றை அவர் ஆரம்பித்தார். அதில் அவர் ஏற்றது தம்மையே ஒத்த ஒரு பாத்திரத்தை. எடை கூடியதனால் வாய்ப்புகளை இழந்த நடிகையொருவர், ஹொலிவூட்டின் கதவுகளை மீண்டும் தட்டுவதே கதை. பருமனான ஆண் நடிகர்களுக்குத் தொடர்கள் தாராளமாகக் கிடைக்கும்போது தமக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகின்றது என்று அப்பாத்திரம் வெளிப்படையாகவே வினவியது. தம்மைப் பரிகசித்தவர்களின் ஆயுதத்தைத் தாமே கையிலெடுக்கும் துணிச்சல் அம்முயற்சியில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அத்தொடர் ஏழு அத்தியாயங்களுடன் முடிவுக்கு வந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்க விடயம் ஒன்றுண்டு. ஏறத்தாழ அதே காலப்பகுதியில் 'ஜெனி கிரேக்' என்ற எடைக்குறைப்பு நிறுவனத்தின் விளம்பர முகமாகவும் கேர்ஸ்டி அலி விளங்கினார். ஒருபுறம் பருமனான நடிகைக்கு இழைக்கப்படும் அநீதி பற்றிய முறைப்பாடு. மறுபுறம் அந்த அநீதிக்குத் தீர்வு அந்நடிகை மெலிந்துகொள்வதே என்ற விளம்பரம். பாகுபாடு காட்டும் தொழிற்றுறை மாறவேண்டும் என்ற கோரிக்கை இடையில் காணாமற்போனது. இதனை ஒரு தனிமனிதரின் முரண்பாடாக மட்டும் நாம் கருதவில்லை. பிழைக்க வேண்டுமாயின் தன் உடலைக் கேலிப்பொருளாகவோ திருத்தப்பட வேண்டிய பொருளாகவோ விற்றாக வேண்டும் என்ற நிலையே பருமனான கலைஞிக்கு அத்தொழிற்றுறை விட்டுவைத்த வழியாகும்.

ஆண்களின் நிலை இவ்வாறு இருந்ததில்லை. 1955 இல் ஒளிபரப்பான 'த ஹனிமூனர்ஸ்' தொடரில் பஸ் சாரதியாக நடித்த ஜக்கி கிளீசன் பருத்த உடல்வாகு கொண்டவர். அவரது மனைவியாக நடித்தவர் மெலிந்தவர். அன்று வகுக்கப்பட்ட அந்த வாய்ப்பாடு இன்று வரை கைவிடப்படவில்லை. 1989 இல் தொடங்கிய 'த சிம்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரின் ஹோமர், 1998 முதல் 2007 வரை ஒளிபரப்பான 'த கிங் ஒஃப் குயீன்ஸ்' தொடரின் கெவின் ஜேம்ஸ் எனப் பருமனான கணவனும் மெலிந்த அழகிய மனைவியும் கொண்ட குடும்பங்களை அமெரிக்கத் தொலைக்காட்சி தொடர்ந்து காட்டி வந்தது. இவர்களின் பருமன் பற்றியும் கிண்டல்கள் உண்டு. ஆனால் அந்தக் கிண்டலுக்கு அப்பால் இவர்களுக்குக் குடும்பம் உண்டு, காதல் உண்டு, கதையின் நடுநாயகமான இடமும் உண்டு. இதே வாய்ப்பாட்டைப் புரட்டிப் போட்டு, பருமனான மனைவியையும் மெலிந்த அழகிய கணவனையும் கொண்ட தொடர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணத்தக்கவையே அகப்படும்.

தொலைக்காட்சித் துறையின் இந்த மனப்பாங்கை அத்துறைக்குள்ளிருந்தே அம்பலப்படுத்திய தொடர் என்.பி.சி அலைவரிசையின் 'தேர்ட்டி ரொக்' ஆகும். நகைச்சுவை நிகழ்ச்சியொன்றைத் தயாரிப்போரைப் பற்றியே அமைந்த இத்தொடரில், 2007 ஒக்டோபரில் இரண்டாவது பருவம் ஆரம்பமானபோது ஜென்னா என்ற நடிகைப் பாத்திரம் எடை கூடித் திரும்பி வருகின்றது. அதனைக் கண்ட அலைவரிசை நிறைவேற்று அதிகாரி, அவர் 30 இறாத்தல் குறைய வேண்டும், அல்லது 60 இறாத்தல் கூட வேண்டும், இடைப்பட்ட எடைக்குத் தொலைக்காட்சியில் இடமில்லை என்ற பொருள்படத் தீர்ப்பு வழங்குகின்றார். மெலிந்தவள் என்றால் கதாநாயகி. மிகப் பருத்தவள் என்றால் கோமாளி. சாதாரண பெண்களின் உடலுக்கோ திரையில் வேலையே இல்லை. பின்னர் உணவுக்காக ஏங்கும் ஒரு வரியை மேடையில் சொல்லி ஜென்னா பிரபலமடைவதாகவும் கதை நகர்கின்றது. தொலைக்காட்சி நிர்வாகிகளின் கணக்கை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை எனலாம்.

அந்த அங்கதத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. ஜென்னாவாக நடித்த ஜேன் கிரகோவ்ஸ்கி உண்மையில் மெலிந்தவர். பருமனாகக் காட்டும் உடையை அணிந்தே அவர் நடித்தார். சில அத்தியாயங்களிலேயே அப்பாத்திரம் பழைய உருவத்துக்குத் திரும்பியும் விட்டது. இந்த அடைப்பு உடை பற்றித் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது. 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் மொனிக்கா பாத்திரத்தின் பருத்த இளமைக்காலத்தைக் காட்டுவதற்கு 1996 முதல் கோர்ட்னி கொக்ஸுக்கு இத்தகைய உடை அணிவிக்கப்பட்டது. அவர் அவ்வுடையுடன் தோன்றினாலே சிரிப்பொலி எழுந்தது. 2001 இல் வெளியான 'ஷலோ ஹால்' திரைப்படத்தில் கிவினத் பெல்ட்ரோ இதே உத்தியைப் பயன்படுத்தினார். பருமனான பெண்ணின் உடல் திரைக்குத் தேவைப்படுகின்றது. ஆனால் பருமனான பெண் தேவைப்படுவதில்லை. கேலியின் வலி ஒருவருக்கும் அதனால் வரும் ஊதியம் இன்னொருவருக்கும் போய்ச் சேருகின்ற விந்தை இது.

இந்தப் போக்குக்கு மாற்றாக அமைந்த முயற்சிகளையும் நாம் மறந்துவிடலாகாது. 1988 இல் ஏ.பி.சி அலைவரிசையில் ஆரம்பமான 'ரொசான்' தொடரில் ரொசான் பாரும் ஜோன் குட்மனும் பருமனான தொழிலாளர் தம்பதியராக நடித்தனர். அவர்களின் பிரச்சினை எடையல்ல. வாடகை, வேலையின்மை, பிள்ளை வளர்ப்பு என்பனவே. 1989-90 பருவத்தில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடராக அது விளங்கியது. 2018 இல் ரொசான் பார் வெளியிட்ட இனவாதக் கருத்தினால் அதன் புதிய பதிப்பு நிறுத்தப்பட்டமை வேறு விடயம். பிரித்தானியாவில் 1994 முதல் பிபிசி ஒளிபரப்பிய 'த விகார் ஒஃப் டிப்லி' தொடரில் டோன் பிரெஞ்ச் கிராமத் தேவாலயமொன்றின் பெண் மதகுருவாக நடித்தார். அவரது சொக்லட் ஆசை பற்றிய பகிடிகள் அதிலும் உண்டு. ஆனால் அக்கிராமத்திலேயே புத்திசாதுரியமும் கருணையும் மிக்க மனிதர் அவரே. மற்றையோரின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

மெலிஸா மக்கார்த்தியின் அனுபவம் இதன் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. 2000 முதல் 2007 வரை 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரில் அவர் ஏற்ற சூக்கி என்ற சமையற்கலைஞர் பாத்திரத்தில் அவரது எடை நகைச்சுவைக்கான மூலதனமாக்கப்படவில்லை. சூக்கி திறமைசாலி, தோழி, பின்னர் மனைவி, தாய்; அவ்வளவே. 2010 செப்டெம்பரில் சீ.பி.எஸ் அலைவரிசையில் ஆரம்பமான 'மைக் அன்ட் மொலி' தொடரிலோ நாயகனும் நாயகியும் சந்திப்பதே அளவுமீறி உண்போருக்கான உதவிக் குழுவொன்றில்தான். இருவரையும் காதலர்களாகக் காட்டியமை வரவேற்கத்தக்கது. ஆயினும் ஆரம்ப அத்தியாயங்களில் எடைபற்றிய பகிடிகளே மிகுந்திருந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் பெண்கள் சஞ்சிகையொன்றின் இணையத்தளத்தில், பருமனான இருவர் முத்தமிடுவதைத் திரையில் காண்பதே அருவருப்பாக உள்ளது என்ற கருத்துப்பட எழுதப்பட்ட பத்தி கடும் கண்டனத்துக்குள்ளாகி, அதை எழுதியவர் மன்னிப்புக் கோரினார். மறு ஆண்டே மக்கார்த்தி அதே பாத்திரத்துக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்றார். ஆனால் 2013 இல் அவரது திரைப்படமொன்றை விமர்சித்த அமெரிக்க விமர்சகர் ஒருவர் படத்தை விட்டுவிட்டு அவரது உடலை விலங்குடன் ஒப்பிட்டு எழுதினார். உயர்ந்த விருது கூட ஒரு பெண்ணை இத்தகைய வசையிலிருந்து காக்கவில்லை.

அவுஸ்திரேலிய நடிகை ரெபெல் வில்சன் வெளியிட்ட தகவல்கள் இதன் பொருளாதாரத்தைத் தெளிவாக்குகின்றன. 'பிட்ச் பேர்ஃபெக்ட்' திரைப்படங்களுக்கான ஒப்பந்தம் தமது எடை பெருமளவு மாறக்கூடாது என்று நிபந்தனை விதித்திருந்ததாக அவர் கூறியுள்ளார். 2020 இல் எடையைக் குறைக்க அவர் தீர்மானித்தபோது, பருத்த வேடிக்கைப் பெண்ணாகப் பெரும் பணம் ஈட்டும் ஒருவர் ஏன் மாற வேண்டும் என்று தமது சொந்த முகாமைத்துவக் குழுவினரே தடுத்ததாகவும் அவர் தெரிவித்தார். மெலிந்த நடிகைக்குப் பருக்காதே என்ற கட்டளை. பருத்த நடிகைக்கு மெலியாதே என்ற கட்டளை. தனது உடல்நலம் குறித்துத் தானே முடிவெடுக்கும் உரிமை இரு தரப்பாருக்கும் இல்லை. பகிடி என்ற பெயரில் நடைபெறுவது பார்வையாளருக்குச் சில வினாடிகளில் மறந்துபோகலாம். அக்கலைஞிக்கோ அது தொழில் நிபந்தனை.

இவ்விடயம் மேலை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இந்தியத் திரையில் முதலாவது நகைச்சுவை நடிகையாகப் போற்றப்படும் துன் துன், உமாதேவி என்ற இயற்பெயர் கொண்ட பின்னணிப் பாடகியாகவே அறிமுகமானவர். 1947 இல் வெளியான 'தர்த்' திரைப்படத்தில் அவர் பாடிய பாடல் பெரும் புகழ் பெற்றது. 1950 இல் 'பாபுல்' திரைப்படத்தில் நகைச்சுவைப் பாத்திரமேற்ற பின்னர் அந்தக் குரல் மறக்கப்பட்டது. உடலே நினைவில் நின்றது. வட இந்தியாவில் பருமனான பெண்களைக் கேலி செய்யும் பட்டப்பெயராகவே அவரது திரைப்பெயர் மாறிவிட்டது. தமிழ்த் திரையில் 1980 களில் 'கோழி கூவுது' முதலான படங்களில் நடித்த பிந்து கோஷின் கதையும் துயரமானது. நடனம் பயின்ற கலைஞரான அவருக்குத் திரை வழங்கியது தமது உருவத்தைக் கண்டு பிறர் சிரிக்கும் பாத்திரங்களையே. பிற்காலத்தில் நோயுடனும் வறுமையுடனும் போராடிய அவர் 2025 மார்ச் மாதத்தில் சென்னையில் காலமானார். அவரைப் பார்த்துச் சிரித்த தலைமுறையினர் அவரது இறுதிக்காலத்தை அறிந்திருக்கவில்லை.

இலங்கையில் தமிழ் பேசும் இல்லங்களில் செய்மதி மற்றும் கேபிள் வழியாகத் தமிழகத் தொலைக்காட்சிகளே மாலைப்பொழுதை நிரப்புகின்றன. 2005 இல் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு' உள்ளிட்ட நகைச்சுவை நிகழ்ச்சிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் திறமையான பல கலைஞர்களை வெளிக்கொணர்ந்தன என்பது உண்மையே. எனினும் அவற்றில் ஆண்கள் பெண்வேடமிட்டு, உடலை ஊதிப் பெருக்கிக் காட்டி, அதனையே பகிடியாக்குவது வழக்கமான அம்சமாகும். 2019 தீபாவளிக்கு வெளியான 'பிகில்' திரைப்படத்தில் பருமனான உதைபந்தாட்ட வீராங்கனை ஒருவருக்கு உற்சாகமூட்டுவதாகக் கூறி, நாயகன் அவரது உடலைச் சொல்லி இழிவுபடுத்தும் காட்சி இடம்பெற்றது. பெண்களின் முன்னேற்றத்தைப் பேச வந்த படமே இவ்வாறு செய்தமை அப்போது கடும் விமர்சனத்துக்குள்ளானது.

இவ்விடத்தில் எதிர்வாதங்கள் சிலவற்றுக்குப் பதிலளிப்பது அவசியமாகின்றது. பருமனான கலைஞிகளே தம்மைப் பகிடி செய்துகொள்ளும்போது மற்றையோர் ஏன் ஆத்திரப்பட வேண்டும் என்பது முதலாவது. பஞ்சாபின் அமிர்தசரஸைச் சேர்ந்த பாரதி சிங் 2008 இல் 'த கிரேட் இந்தியன் லாஃப்டர் செலஞ்ச்' நிகழ்ச்சி மூலம் அறிமுகமாகி, தமது எடையையே பகிடியாக்கி இந்தியத் தொலைக்காட்சியின் முன்னணிக் கலைஞிகளில் ஒருவரானார். வறுமையிலிருந்து சுயமுயற்சியால் உயர்ந்த அவரது சாதனையைக் குறைத்து மதிப்பிட எவராலும் இயலாது. ஆனால் மற்றையோர் சிரிப்பதற்கு முன்னர் தானே சிரித்துவிடுவது ஒரு தற்காப்பு. 2018 இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'நானெட்' நிகழ்ச்சியில் அவுஸ்திரேலியக் கலைஞர் ஹனா காட்ஸ்பி, ஒடுக்கப்பட்டவர்கள் தம்மைத் தாமே தாழ்த்திச் சிரிக்கவைப்பது பணிவன்று, அவமானமே என்று கூறி அத்தகைய நகைச்சுவையைக் கைவிடுவதாக அறிவித்தார். வேறு வழி திறந்திருந்தும் ஒருவர் தம்மைக் கேலி செய்தால் அது அவரது சுதந்திரம். அந்த ஒரு வாசல் மட்டுமே திறந்திருக்குமாயின் அதனைச் சுதந்திரம் என அழைப்பது பொருந்தாது.

உடற்பருமன் ஒரு நோய், அதனைக் கேலி செய்தாலாவது மக்கள் விழிப்படைவார்கள் என்பது இரண்டாவது வாதம். உடற்பருமன் பாரதூரமான சுகாதாரப் பிரச்சினை என்பதில் எமக்கு ஐயமில்லை. 2022 ஆம் ஆண்டு உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமனுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கின்றது. ஆனால் அதற்கு மரபணு, சுரப்பிக் கோளாறுகள், சில மருந்துகள், மகப்பேறு, உறக்கமின்மை, மலிவான பதப்படுத்திய உணவு எனக் காரணங்கள் பலவுண்டு. அதனை வெறும் பெருந்தீனியாகவும் சோம்பலாகவும் காட்டுவது மருத்துவ உண்மைக்குப் புறம்பானது. 2020 இல் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் வெளியான சர்வதேச நிபுணர்களின் கூட்டறிக்கை, எடையை வைத்து இழிவுபடுத்துவது உடலுக்கும் உள்ளத்துக்கும் தீங்கானது என்று தெளிவாகக் கூறியுள்ளது. கேலிக்கு அஞ்சும் பெண் வைத்தியரிடம் செல்லவும், வீதியில் நடைப்பயிற்சி செய்யவும் கூசுவாள் என்பதை அறிய ஆய்வுகளும் தேவையில்லை.

தற்போது இந்த விவாதத்தில் புதியதோர் அம்சம் சேர்ந்துள்ளது. 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் செமாகுளூட்டைட் என்ற ஊசிமருந்தை உடற்பருமன் சிகிச்சைக்கு அங்கீகரித்ததைத் தொடர்ந்து, கலையுலகப் பிரபலங்கள் பலர் இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்துவதாக வெளிப்படையாகவே அறிவித்து வருகின்றனர். தேவையானவர்களுக்கு இது நல்ல செய்தியே. ஆனால் பருமனான பெண்ணைப் பார்த்து 'ஊசி போட்டுக்கொள்ளக் கூடாதா' என்று கேட்கும் புதிய பகிடிக்கு இது வழிவகுக்கும் என்ற அச்சமும் எழுகின்றது. விலையுயர்ந்த மருந்து எட்டாத ஏழைப் பெண்களே அப்போது எஞ்சிய கேலிப்பொருளாவர்.

வள்ளுவர் உருவத்தைக் கண்டு ஒருவரை இகழ்வதைக் கண்டித்துள்ளார். இஸ்லாமும் ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுத்துள்ளது. இவ்விரு மரபுகளையும் பெரிதாகப் பேசும் எமது சமூகங்களிலேயே, பெண் பார்க்கும் வீட்டிலும் பாடசாலை வகுப்பறையிலும் பருமனான பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் கேட்ட பெயர்கள் சூட்டப்படுகின்றன. திரையில் அப்பெயரைக் கேட்டு வீட்டார் அனைவரும் சிரிக்கும்போது, அதே கூடத்தில் அமர்ந்திருக்கும் மகளும் அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றாள். அவள் பாட விரும்பலாம், ஆட விரும்பலாம், செய்தி வாசிக்க விரும்பலாம். தன் உடலுக்கு அங்கு இடமில்லை என்ற பாடத்தை அவள் அந்தச் சிரிப்பிலிருந்தே கற்றுக்கொள்கின்றாள்.

நகைச்சுவையைத் தடைசெய்யுமாறு நாம் கோரவில்லை. பருமனான பெண்களைப் பற்றிப் பகிடியே கூடாது என்பதும் எமது நிலைப்பாடன்று. எழுதுவோரும் தயாரிப்போரும் ஒரு கேள்வியை மட்டும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாத்திரத்தின் எடையை நீக்கிவிட்டால் அங்கு ஒரு மனிதர் எஞ்சுகின்றாரா? சூக்கியிலும் டிப்லி கிராமத்து மதகுருவிலும் எஞ்சினார். அவர்களைக் கண்டு மக்கள் சிரிக்கத் தவறவுமில்லை. உள்நாட்டில் தமிழ் நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் எமது தொலைக்காட்சி நிலையங்கள் தமிழகப் பகிடிகளைப் பிரதிபண்ணுவதை விடுத்து, எல்லா உடல்வாகு கொண்ட பெண்களுக்கும் அறிவிப்பாளராகவும் நடிகையாகவும் எழுத்தாளராகவும் வாய்ப்பளிக்க முன்வர வேண்டும். அதுவரை இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சியில் தம் வீட்டுப் பெண்பிள்ளை எந்த இடத்தில் சிரிக்காமல் மௌனமாகின்றாள் என்பதைப் பெற்றோராவது கவனித்தல் நன்று.